எம்-சாட் ஃபார்ம் ரிவ்யூ: 20 கேள்வி, காசு கிடையாது, ஆனா நம்ம கைக்கு வர்றது பாதிதான்

ஏர்ஃப்ரையருக்கும் குக்கருக்கும் பக்கம் பக்கமா ரிவ்யூ எழுதுறோம், ஆனா குழந்தை டாக்டர் ஆபீஸ்ல "இதை ஃபில்லப் பண்ணிடுங்க"ன்னு சாதாரணமா தள்ளிவிடுற ஒரு கேள்வித்தாளைப் பத்தி தமிழ்ல யாரும் எழுதி நான் பாக்கல, அதான் நானே உக்காந்துட்டேன். பேரு எம்-சாட். 16 மாசத்துல இருந்து 30 மாசம் வரைக்கும் உள்ள குழந்தைங்களுக்கு ஆட்டிசம் இருக்க வாய்ப்பு இருக்கான்னு பாக்குற முதல் சல்லடை. ஓசிதான். டாக்டருங்க, ரிசர்ச் பண்றவங்க, நம்மள மாதிரி பெத்தவங்க யாரு வேணாலும் டவுன்லோட் பண்ணிக்கலாம், கேள்வியை மட்டும் நம்ம இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுங்கறது கண்டிஷன். நான் இதை முதல் தடவை யூஸ் பண்ணி நாலு வருஷம் ஓடிப்போச்சு, இப்போ ரெண்டாவது தடவை யூஸ் பண்ணப் போறேன், அதனால லாங் டேர்ம் ரிவ்யூன்னே வச்சுக்கோங்க.

2021 செப்டம்பர், நியூஜெர்சி. பையனுக்கு 18 மாச செக்கப். கொரோனா டைம்ங்கறதால வெயிட்டிங் ரூம்ல உக்கார விடமாட்டாங்க, பார்க்கிங்ல கார்லயே இருக்கணும், போன்ல ஒரு லிங்க் வரும், அதுல ஃபார்ம் எல்லாம் ஃபில்லப் பண்ணிட்டு அவங்க கூப்பிட்டா உள்ள போகணும். அன்னைக்கு வந்த லிங்க்ல இன்சூரன்ஸ் பேப்பர், அலர்ஜி இருக்கா, வீட்ல யாராச்சும் சிகரெட் குடிப்பாங்களாங்கற கேள்வி, இதுக்கெல்லாம் நடுவுல இந்த 20 கேள்வியும் இருந்துச்சு. இது என்ன ஏதுன்னு தலைப்புல பெருசா ஒண்ணும் தெரியல. நானும் தங்கமணியும் முன் சீட்ல, பையன் பின்னாடி கார் சீட்ல, ஏசி ஓடிட்டு இருக்கு, எல்லாத்துக்கும் எஸ் எஸ்னு தட்டிட்டு வர்றோம்.

ஆறாவது கேள்வி, ஏதாச்சும் வேணும்னா ஒத்தை விரலை நீட்டிக் கேக்குறானா? ஏழாவது கேள்வி, சும்மா உங்களுக்குக் காட்டறதுக்காக ஒத்தை விரலை நீட்டிக் காட்டுறானா? ஃபார்ம்லயே ஏழுக்குக் குடுத்திருக்கிற உதாரணம் வானத்துல போற ஏரோப்ளேன், ரோட்டுல போற பெரிய லாரி. படிச்சுட்டு இருக்கும்போதே தலைக்கு மேல நெவார்க்ல இறங்கப்போற ஃப்ளைட் ஒண்ணு தாழ்வா சத்தமா போச்சு. நான் திரும்பி பையனைப் பாத்தேன். அவன் சீட் பெல்ட் பக்கிளை கட்டை விரலால தடவிட்டு இருந்தான். ஃப்ளைட்டும் பாக்கல, என்னையும் பாக்கல.

"இது நோ போடணுமோ?"ன்னு கேட்டேன். "ஏங்க, தினம் பிஸ்கட் டப்பாவைக் காட்டுறான்ல"ன்னாங்க தங்கமணி. அவன் எப்படிக் காட்டுவான்னா அம்மா கையை மணிக்கட்டுல புடிச்சு இழுத்துட்டுப் போயி டப்பா மேல வைப்பான், அவ்ளோதான். விரல் எங்கயும் நீளாது. எனக்கு அது தெரியும், அவங்களுக்கும் தெரியும். ஆனா கார்ல உக்காந்துட்டு சொந்தப் பிள்ளையைப் பத்தி நோன்னு தட்ட மனசு வரணும்ல. ஆறுக்கும் எஸ், ஏழுக்கும் எஸ்.

இதுதான் இந்த ப்ராடக்டோட பெரிய வீக்னஸ், முதல்லயே சொல்லிடறேன். ஃபார்ம்ல தப்பு இல்ல, அதை ஃபில்லப் பண்றது பெத்தவங்க. நாம பிள்ளைக்கு மார்க் போடற வாத்தியாரா ஆகிடறோம், அதுவும் பாஸ் போடணும்னு முடிவு பண்ணிட்டு உக்காந்த வாத்தியார்.

சரி, இந்தக் கேள்வியெல்லாம் எவன் எழுதினான்னு அப்புறமா தேடிப்போனேன், அங்க ஒரு நல்ல கதை கிடைச்சுச்சு. இதோட தாத்தா இங்கிலாந்துல வந்த ஒரு பழைய ஃபார்ம், சாட்னு பேரு (செக்லிஸ்ட் ஃபார் ஆட்டிசம் இன் டாட்லர்ஸ்ங்கறதோட சுருக்கம்), எம் கிடையாது. சைமன் பேரன்-கோஹன்ங்கற ஆராய்ச்சியாளரும் கூட ரெண்டு பேரும் சேர்ந்து 1992ல வெளியிட்டது. அதுக்கு முன்னாடி 1985லயே இவரு ஆலன் லெஸ்லி, ஊட்டா ஃப்ரித் ரெண்டு பேரோடயும் சேர்ந்து லண்டன்ல ஒரு பொம்மை டெஸ்ட் நடத்தி பேர் வாங்கினவரு. ஒரு பொம்மை கோலிக்குண்டை கூடையில வச்சுட்டு வெளிய போகும், இன்னொரு பொம்மை வந்து அதை எடுத்து பெட்டிக்குள்ள மாத்தி வச்சுடும், முதல் பொம்மை திரும்பி வந்தா எங்க தேடும்? ஆட்டிசம் உள்ள 20 குழந்தைங்கள்ல 16 பேர் பெட்டியைத்தான் காட்டினாங்க, அதாவது தனக்குத் தெரிஞ்சது அந்தப் பொம்மைக்குத் தெரியாதுங்கறது அவங்களுக்குப் பிடிபடல. அடுத்தவன் மனசுல என்ன இருக்குன்னு ஊகிக்கிற அந்த விஷயம் சாதாரணமா நாலு வயசு வாக்குலதான் தெரிய வரும், ஆனா அதுக்கு விதை எப்போ விழுது, ஒன்றரை வயசுலயே ஏதாச்சும் அறிகுறி தெரியுமா? அந்தத் தேடல்ல சிக்கினதுதான் இந்த விரல் சமாச்சாரம். பிஸ்கட் வேணும்னு விரல் நீட்டறது வேற, "அப்பா அங்க பாரு ஃப்ளைட்டு"ன்னு விரல் நீட்டறது வேற. ரெண்டாவதுல குழந்தைக்கு எதுவும் கிடைக்கப் போறதில்ல, நான் பாக்குறதை நீயும் பாருங்கற ஆசை மட்டும்தான்.

இதைப் படிச்சப்போ எனக்கு சட்டுனு ஞாபகம் வந்தது நிலாச்சோறு. நம்ம ஊர்ல மொட்டை மாடியில இடுப்புல பிள்ளையை வச்சுக்கிட்டு "அந்தா பாரு நிலா, அந்தா பாரு காக்கா"ன்னு சொல்லி ஒரு வாய் ஊட்டுறாங்கல்ல, பிள்ளை நம்ம விரலைப் பாக்காம விரல் போற திசையைப் பாக்கும், பாத்துட்டுத் திரும்பி நம்ம மூஞ்சியைப் பாக்கும், அந்த கேப்ல சோறு உள்ள போகும். இந்த ஃபார்ம்ல முதல் கேள்வி அதான், நீங்க ஒண்ணைச் சுட்டிக் காட்டினா பிள்ளை அதைப் பாக்குதா. பிள்ளைத்தமிழ்ல அம்புலிப் பருவம்னு ஒண்ணு படிச்சிருப்போமே, சப்பாணிப் பருவம்னா கை தட்டறது, வருகைப் பருவம்னா வா வான்னு கூப்பிடறது. ஃபார்ம் பக்கம் வந்தா பேரைச் சொன்னா திரும்புதான்னு கேள்வி 10, நீங்க கை தட்டினா பாத்து செய்யுதான்னு கேள்வி 15. புலவருங்க ஆட்டிசம் ஸ்க்ரீனிங் பண்ணாங்கன்னு வாட்ஸப் ஃபார்வர்டு ரேஞ்சுக்குப் போகல, பயப்படாதீங்க, ஆனா குழந்தையைக் கிட்ட இருந்து பாத்தவங்க எல்லாரும் அதே நாலஞ்சு விஷயத்தைத்தான் பாத்திருக்காங்க.

சாட் ஃபார்ம்ல 9 கேள்வி அப்பா அம்மாவுக்கு, மீதி 5 விஷயத்தை ஹெல்த் விசிட்டரோ டாக்டரோ தானே செஞ்சு பாக்கணும். ஹெல்த் விசிட்டர்னா நம்ம ஊர்ல வீடு வீடா வர்ற நர்ஸம்மா மாதிரி. அவங்க அறைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பொம்மையைக் காட்டி "அங்க பாரு"ம்பாங்க, பிள்ளை திரும்புதா? குட்டி டீ கப்பும் கெட்டிலும் குடுத்து "எனக்கு ஒரு டீ போட்டுத் தா"ம்பாங்க, பிள்ளை ஊத்துற மாதிரி ஆக்ஷன் பண்ணுதா? லைட் எங்கன்னு கேப்பாங்க, கை காட்டுதா? முதல் ஆராய்ச்சியில யாரை எடுத்தாங்க தெரியுமா, ஏற்கனவே ஆட்டிசம் உள்ள பிள்ளைங்களோட தம்பி தங்கச்சிங்க 41 பேர். அதுல 4 பேர் தேறல, அந்த 4 பேருக்கும் 30 மாசத்துல ஆட்டிசம்னு உறுதியாச்சு. இந்த 41 பேர் விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில வர்றேன்.

அப்புறம் 16,000 குழந்தைங்களுக்கு 18 மாசத்துல இதை நடத்தினாங்க. விரல் நீட்டிக் காட்டறது, அடுத்தவங்க பார்வை போற பக்கம் பாக்குறது, பாவனை விளையாட்டு, இந்த மூணுலயும் முழுசா ஃபெயில் ஆனவங்க 12 பேர்தான், அதுல 10 பேருக்கு ஆட்டிசம். 1996ல இது வந்தப்போ பெரிய சாதனை. ஆனா அந்தப் பசங்களை விடாம ஆறு வருஷம் ஃபாலோ பண்ணி 2000ல ஒரு ரிப்போர்ட் போட்டாங்க பாருங்க, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஏன்னா தன்னோட பண்டத்துல இருக்கிற ஓட்டையை தானே வெளிய சொல்றது சாதாரணம் இல்ல. கடைசியில ஆட்டிசம்னு தெரிய வந்த 50 பேர்ல சாட் 18 மாசத்துல பிடிச்சது 19 பேரை மட்டும்தான், 38 சதவீதம். சல்லடை கண்ணு ரொம்பப் பெருசு, சிக்கினதைவிட சிக்காம நழுவினது ஜாஸ்தி.

இங்கதான் நம்ம ஹீரோயின் என்ட்ரி. டயானா ராபின்ஸ், கனெக்டிகட் யுனிவர்சிட்டில அப்போ பிஎச்டி மாணவி, டெபோரா ஃபைன், மரியான் பார்ட்டன் இவங்களோட சேர்ந்து வேலை பாத்தவங்க. அமெரிக்காவுல வீட்டுக்கு வர்ற நர்ஸம்மா சிஸ்டம் கிடையாது, டாக்டருக்கோ ஒரு பிள்ளைக்கு கால் மணி நேரம் கிடைச்சா பெருசு, டீ கப் வச்சு யாரு விளையாடப் போறா? அதனால பாத்து செய்ற பகுதியைத் தூக்கிட்டு எல்லாத்தையும் பெத்தவங்ககிட்ட கேக்குற கேள்வியா மாத்தினாங்க, மொத்தம் 23. மாடிஃபைட் சாட், அதான் எம்-சாட். 2001ல வெளிவந்துச்சு, 1,293 குழந்தைங்களைப் பாத்து, 58 பேரை முழுசா பரிசோதிச்சு, 39 பேருக்கு ஆட்டிசம்னு கண்டுபிடிச்சாங்க. ஒரு மாணவியா இருந்தப்போ செஞ்ச வேலை, 2007ல அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 18 மாசத்துலயும் 24 மாசத்துலயும் எல்லா குழந்தைக்கும் ஆட்டிசம் ஸ்க்ரீனிங் பண்ணணும்னு சொன்னப்போ டாக்டருங்க டக்குனு கையில எடுத்தது இதைத்தான். அப்புறம் எத்தனையோ மொழிகள்ல மொழிபெயர்த்து ஊரு ஊரா டெஸ்ட் பண்ணிட்டாங்க. ராபின்ஸ் இப்போ பிலடெல்பியா ட்ரெக்ஸல் யுனிவர்சிட்டியோட ஆட்டிசம் இன்ஸ்டிட்யூட் டைரக்டர். சின்ன வயசு ஆட்டிசம் ஸ்க்ரீனிங் பத்தி எந்த ஆராய்ச்சிக் கட்டுரையைத் திறந்தாலும் அவங்க பேரு வராம இருக்காது, இதை ஏத்துக்கிட்டோ இதோட மல்லுக்கட்டிட்டோ எழுதினதாத்தான் இருக்கும்.

இப்போ நம்ம கைக்கு வர்றது புது வெர்ஷன், 2014ல வந்தது. 3 கேள்வியை எடுத்துட்டாங்க, மீதி 20க்கும் உதாரணம் சேத்து பாஷையை எளிசாக்கிட்டாங்க. நோ போட்டா ஒரு பாயின்ட், ஆனா 2, 5, 12 மூணுக்கும் மட்டும் தலைகீழ், எஸ் போட்டா பாயின்ட். காது கேக்கலையோன்னு சந்தேகப்பட்டிருக்கீங்களா, கண்ணு கிட்ட விரலை வித்தியாசமா ஆட்டுதா, சாதாரண சத்தத்துக்கு மிரளுதா, இந்த மூணும்தான். 0ல இருந்து 2 வரைக்கும் லோ ரிஸ்க், 8ம் அதுக்கு மேலயும் ஹை ரிஸ்க், நேரா பெரிய பரிசோதனைக்கு அனுப்பணும். நடுவுல 3ல இருந்து 7 வந்தா ரெண்டாவது பகுதிக்குப் போகணும்.

இந்த ரெண்டாவது பகுதின்னு ஒண்ணு இருக்குங்கறதே எங்களுக்கு யாரும் சொல்லல. அதுக்குத்தான் இந்த ரிவ்யூவே.

எங்க பையன் ஸ்கோர் 3. பேரைச் சொன்னா திரும்பறதில்ல, பாவனை விளையாட்டு இல்ல, சத்தத்துக்கு பயப்படுறான். உள்ள போனதும் டாக்டர் ஸ்க்ரீனைப் பாத்தாரு, "பார்டர்லைன்தான், கொரோனா பேபி, வேற பிள்ளைங்களையே பாத்ததில்ல, எல்லாருமே மாஸ்க் போட்டிருக்கோம், வீட்ல வேற ரெண்டு பாஷை, பாய்ஸ் லேட்டாதான் வருவாங்க, 24 மாசத்துல பாக்கலாம்"னு சொல்லிட்டு ஊசி போட்டு அனுப்பிட்டாரு. அவரு சொன்ன காரணம் ஒவ்வொண்ணும் கேக்க நல்லா இருந்துச்சு, எங்களுக்கும் அதுதான் வேணும். சந்தோஷமா வீட்டுக்கு வந்து பிரியாணி ஆர்டர் பண்ணிச் சாப்பிட்டோம்.

ராத்திரி தூக்கம் வரல. அந்த ஃப்ளைட் கண்ணுக்குள்ளயே நின்னுச்சு. எந்திரிச்சு அந்த ஃபார்ம் பேரைத் தேடினேன், ஃபுல் பிடிஎஃப் கிடைச்சுச்சு, 20 கேள்வி முடிஞ்சதும் இன்னும் பக்கம் பக்கமா போகுது! கேள்விக்கு ஒரு பக்கம், கட்டம் கட்டமா அம்புக்குறி போட்டு வச்சிருக்காங்க. முதல் ஃபார்ம்ல எந்தெந்த கேள்வியில பாயின்ட் விழுந்துச்சோ அதை மட்டும் மறுபடி ஆராயணும். எஸ்ஸா நோவான்னு கேட்டு விடறது இல்ல, "ஒரு உதாரணம் சொல்லுங்க"ன்னு கேக்குது. உதாரணம் சொல்லலையா, அடுத்து இப்படிப் பண்றானா அப்படிப் பண்றானான்னு கேக்குது, எஸ் சொன்னா இந்தப் பக்கம் போ, நோ சொன்னா அந்தப் பக்கம் போ, கடைசியில ஒரு கட்டத்துல பாஸ் இல்ல ஃபெயில். முறைப்படி இதை க்ளினிக்ல உள்ளவங்க நம்மகிட்ட கேக்கணும், நாமளே நம்மளைக் கேட்டுக்கறது முறை கிடையாது, ஆனா ராத்திரி ஒரு மணிக்கு முறையெல்லாம் யாரு பாத்தா.

மறுநாள் காலையில தங்கமணியோட உக்காந்து பண்ணேன், கூடவே திருநெல்வேலில இருக்கிற அம்மாவையும் வீடியோ கால்ல போட்டேன். முதல்ல சத்தம். குக்கர் விசில் அடிச்சா என்ன பண்றான்? காதைப் பொத்திப்பான். அழுவானா, கத்துவானா? இல்ல, பொத்திட்டு அவன் பாட்டுக்கு நிப்பான், விசில் நின்னதும் கையை எடுத்துடுவான். வாக்யூம் க்ளீனர்? அதே. அப்போ அது பாஸ், ஒரு பாயின்ட் குறைஞ்சுச்சு, நிம்மதி. அடுத்தது பாவனை விளையாட்டு. உதாரணம் சொல்லுங்க. பொம்மைக்கு சோறு ஊட்டுறானா, வாழைப்பழத்தை போன் மாதிரி காதுல வைக்கிறானா, காரை ரோட்டுல ஓட்டுற மாதிரி ஓட்டுறானா? காரைத் தலைகீழா கவுத்து சக்கரத்தைச் சுத்துவான், அரை மணி நேரம் வேணாலும் சுத்துவான். நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். ஃபெயில்.

பேரைச் சொன்னா திரும்புறது. அவன் சும்மா இருக்கும்போது, எதுலயும் மூழ்காத நேரத்துல கூப்பிட்டா? தங்கமணி "சில நேரம் திரும்புவான்"னாங்க. அப்போதான் போன்ல இருந்து அம்மா சொன்னாங்க, "எய்யா, நானும் ஆறு மாசமா டெய்லி கூப்புடுதேன், ஒரு நாளும் என் பிள்ள திரும்பிப் பாத்ததில்ல. போன்ல கூப்புடுததாலதான் தெரியலன்னு நெனச்சேன். நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லல." எனக்கு அந்த நிமிஷம் கோவம் வந்துச்சா அழுகை வந்துச்சான்னு தெரியல. 8,000 மைலுக்கு அந்தப் பக்கம் அஞ்சு இஞ்ச் ஸ்க்ரீன்ல பாக்குறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஃபெயில்.

மூணுல ரெண்டு மிச்சம். ஃபாலோ-அப் முடிச்சு ரெண்டோ அதுக்கு மேலயோ நின்னாலே பாசிட்டிவ், பரிசோதனைக்கு அனுப்பணும்னு தெளிவா போட்டிருக்கு. அதுவும் நாங்க ஆறையும் ஏழையும் பாசம் கண்ணை மறைக்க எஸ் போட்டதை சேர்க்காமலே.

இந்த ஃபாலோ-அப்தான் உண்மையான சரக்குங்கறது நான் சொல்றது இல்ல, ராபின்ஸ் டீமோட 2014 ஆராய்ச்சியே அதைத்தான் காட்டுது. அட்லாண்டாவுலயும் கனெக்டிகட்லயும் 16,071 குழந்தைங்க. ஃபார்ம், ஃபாலோ-அப் ரெண்டுலயும் பாசிட்டிவ் வந்த பிள்ளைங்கள்ல 47.5 சதவீதம் பேருக்கு ஆட்டிசம், ஏதோ ஒரு வளர்ச்சித் தாமதமோ கவனிக்க வேண்டிய விஷயமோ இருந்ததுன்னு பாத்தா 94.6 சதவீதம். அதாவது ரெண்டு சல்லடையிலயும் நின்னது எதுவுமே அனேகமா வீண் போகல, ஆட்டிசம் இல்லாட்டியும் ஏதோ ஒரு உதவி தேவைப்பட்ட பிள்ளைதான். அந்தப் பிள்ளைங்களுக்கு நாட்டோட சராசரியைவிட ரெண்டு வருஷம் முன்னாடியே கண்டுபிடிச்சாச்சு. ரெண்டு வயசுப் பிள்ளைக்கு ரெண்டு வருஷம்னா அவன் வாழ்ந்த மொத்த ஆயுசு.

இப்போ இன்னொரு பக்கமும் சொல்லணும், இல்லன்னா இது விளம்பரம் ஆகிடும். ஆராய்ச்சிக்காரங்க பொறுமையா போன் போட்டுக் கேட்டு எடுத்த நம்பர் அது. நிஜ க்ளினிக்ல என்ன ஆகுதுன்னு பிலடெல்பியாவுல பெரிய குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒண்ணு தன்னோட க்ளினிக்குகள்ல வந்த 25,999 பிள்ளைங்களோட கணக்கைப் பாத்து 2019ல வெளியிட்டுச்சு. பின்னாடி ஆட்டிசம்னு தெரிஞ்ச பிள்ளைங்கள்ல எம்-சாட் முன்கூட்டியே பிடிச்சது 38.8 சதவீதம். பாசிட்டிவ் வந்தவங்கள்ல நிஜமா ஆட்டிசம் இருந்தது 14.6 சதவீதம். ஃபாலோ-அப் கேக்க வேண்டிய நிறைய பேருக்கு அது நடக்கவே இல்ல. அந்த 38.8ஐப் பாத்ததும் எனக்கு தூக்கி வாரிப்போட்டுச்சு, இங்கிலாந்து சாட் 2000ல வாங்கின மார்க்கு 38. ஆய்வு முறை வேற, நாடு வேற, ஆப்பிளையும் ஆரஞ்சையும் ஒப்பிடக்கூடாதுதான், இருந்தாலும் 19 வருஷம் கழிச்சு கிட்டத்தட்ட அதே இடத்துல வந்து நிக்குது. அதனால ஸ்கோர் 0, 1, 2ன்னு வந்துட்டா "அப்பாடா க்ளியர்"னு யாரும் சர்டிஃபிகேட் மாதிரி ஃப்ரேம் போட்டு மாட்டிடாதீங்க. அதே மாதிரி 3, 4ன்னு வந்ததும் ஆட்டிசம்னு முடிவு கட்டி கோயில் கோயிலா அலையவும் வேணாம், இது ஜுரமானி மாதிரி கூட இல்ல, நெத்தியில கை வச்சுப் பாக்குற மாதிரி.

2016ல அமெரிக்க அரசோட தடுப்பு மருத்துவக் குழு கூட, பெத்தவங்களுக்கு எந்தக் கவலையும் இல்லாத குழந்தைங்க எல்லாருக்கும் இதைப் பண்றதுல நன்மையா தீமையான்னு சொல்றதுக்கு ஆதாரம் பத்தலைன்னுதான் எழுதினாங்க. டாக்டருங்க அமைப்பு ஒண்ணு சொல்லுது, இவங்க ஒண்ணு சொல்றாங்க, நடுவுல இருக்கிற நம்மளுக்கு எது சரின்னு கேட்டா, பண்ணிடுங்க, ஓசிதான, ஆனா முழுசாப் பண்ணுங்க.

மார்க்கெட்ல போட்டிக்கு வேற சரக்கும் வந்துடுச்சு. ஆமி க்ளின்ங்கற ஆராய்ச்சியாளரோட பல வருஷ வேலையில இருந்து வந்த மெஷின் ஒண்ணு, குழந்தைக்கு சின்னச் சின்ன வீடியோ போட்டுக் காட்டி கண்ணு எங்க எங்க போகுதுன்னு அளக்கும், 2022ல அமெரிக்காவுல அனுமதி வாங்கிடுச்சு. கேக்க நல்லாத்தான் இருக்கு, பெத்தவங்க பொய் சொன்னாலும் கண்ணு பொய் சொல்லாது. ஆனா அதுக்கு அந்த மெஷின் இருக்கிற இடத்துக்குப் போகணும், எம்-சாட்டுக்கு ஒரு பேப்பரும் பேனாவும் போதும்.

எங்க கதைக்கு வர்றேன், சுருக்கமா. திங்கக்கிழமை க்ளினிக்குக்கு போன் போட்டு ஃபாலோ-அப் ரிசல்ட்டைச் சொன்னேன், ரெண்டு நாள் கழிச்சு அரை மனசா ரெஃபரல் குடுத்தாங்க. அதுக்கு ஸ்பெஷலிஸ்ட் அப்பாயின்ட்மென்ட் அஞ்சு மாசம் கழிச்சுதான் கிடைச்சுச்சு. ஆனா இங்க மூணு வயசுக்கு உட்பட்ட பிள்ளைங்களுக்கு ஏர்லி இன்டர்வென்ஷன்னு அரசாங்க சர்வீஸ் இருக்கு, அதுக்கு டாக்டர் சீட்டு தேவையில்ல, நாமளே போன் பண்ணலாம், 45 நாளைக்குள்ள பரிசோதிச்சு ப்ளான் போட்டுக் குடுக்கணும்னு சட்டம். அது தெரியாம உக்காந்திருக்கிற நம்மாளுங்க ஏகப்பட்ட பேர். வீட்டுக்கே ஒரு தெரபிஸ்ட் வந்தாங்க, தரையில சம்மணம் போட்டு உக்காந்து அவனோட சக்கரத்தை அவன்கூட சேர்ந்து சுத்தினாங்க, மூணாவது வாரம்தான் முதல் தடவையா சக்கரத்தைப் பிடிச்சு நிறுத்திட்டு அவன் எப்போ மூஞ்சியைப் பாக்குறான்னு காத்துட்டு இருந்தாங்க.

ஸ்பெஷலிஸ்ட்கிட்ட பெரிய பரிசோதனை நடந்தது 23 மாசத்துல. அதுவும் இன்னொரு ஆராய்ச்சியாளர் கேத்தரின் லார்ட் டீம் உருவாக்கின முறை, அடாஸ்னு சொல்வாங்க, பாக்க விளையாட்டு மாதிரியே இருக்கும். சோப்பு நுரை முட்டை ஊதுவாங்க, பையன் குதிப்பான், டக்குனு நிறுத்திட்டு சும்மா இருப்பாங்க. இன்னும் ஊதுன்னு அவன் எப்படிக் கேக்கப் போறான்னு பாக்கறதுக்கு. அவன் அவங்க கையை மணிக்கட்டுல புடிச்சு தூக்கி பாட்டில் மேல வச்சான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் தங்கமணியும் நிக்கிறோம். அவங்க என் கையை இறுக்கிப் பிடிச்சாங்க, அதே பிஸ்கட் டப்பா.

ஆட்டிசம்தான்னு எழுதிக் குடுத்தாங்க. இப்போ பையன் பெரிய ஸ்கூல் போறான், நிறைய பேசுறான், சக்கரம் போயி இப்போ லிஃப்ட் பைத்தியம், எந்த கட்டடத்துல எந்த கம்பெனி லிஃப்ட்டுன்னு கேட்டா சொல்லுவான். 18 மாசத்துல ஆரம்பிச்சதாலதான் இப்படின்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், ஒரே பிள்ளையை ரெண்டு விதமா வளத்துப் பாக்க முடியாதே. ஆனா ஏன் திரும்ப மாட்டேங்குறான், யாரு மேல தப்பு, போன் குடுத்ததாலயா, நான் வேலைக்குப் போனதாலயான்னு தங்கமணி தன்னையே அரிச்சுத் தின்னுட்டு இருந்தது ஒரு வருஷத்தோட நின்னுச்சு, அதுக்கே நான் இந்த ஃபார்முக்கு நன்றி சொல்லணும்.

ரேட்டிங் கேப்பீங்க. ஃபார்முக்கு 5க்கு 4. ஒண்ணு குறைச்சது ஏன்னா "காட்டுறானா"ங்கற கேள்விக்கும் "கேக்குறானா"ங்கற கேள்விக்கும் வித்தியாசம் படிச்ச எங்களுக்கே கார்ல உக்காந்து புரியல, ஒரு படம் போட்டிருக்கலாம். ஃபாலோ-அப்புக்கு 5க்கு 5. அதை எடுத்துப் போட்டுட்டு முதல் பக்கத்தை மட்டும் லிங்க் அனுப்பற பழக்கத்துக்கு 1, அதுவும் ஓசியா ஊசி வலிக்காம போட்ட நர்ஸுக்காக. ஃபில்லப் பண்றவங்களுக்கு ஒரே ஒரு டிப்ஸ், கார்ல பண்ணாதீங்க, முந்தின நாளே வீட்ல பிள்ளை முன்னாடி இருக்கும்போது பண்ணுங்க, ஒவ்வொரு எஸ்ஸுக்கும் போன வாரத்துல இருந்து ஒரு உதாரணம் சொல்ல முடியுதான்னு பாருங்க. சொல்ல முடியலையா, எஸ் போடாதீங்க.

அந்த 41 தம்பி தங்கச்சிங்களைச் சொன்னேன்ல. எங்க பொண்ணுக்கு இப்போ 17 மாசம். மூத்த பிள்ளைக்கு ஆட்டிசம் இருந்தா அடுத்ததுக்கு வர வாய்ப்பு எவ்வளவுன்னு 2011ல 664 குழந்தைங்களைத் தொடர்ந்து பாத்த ஆராய்ச்சியில வந்த கணக்கு 18.7 சதவீதம். அஞ்சுல ஒண்ணுன்னு தங்கமணிகிட்ட சொன்னேன், அஞ்சுல நாலு இல்லைல்லன்னாங்க. அடுத்த மாசம் செக்கப், லிங்க் வரும். இந்த தடவை அம்மா இங்கதான் இருக்காங்க. நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு காப்பியில தனித்தனியா டிக் அடிக்கிறது, அம்மாவுக்கு நான் ஒவ்வொண்ணா வாசிச்சுக் காட்டி அவங்க சொல்றதை மூணாவது காப்பியில குறிச்சுக்கறதுன்னு பேசி வச்சிருக்கோம், மூணையும் டேபிள்ல போட்டுப் பாத்துட்டுதான் போன்ல தட்டுறது. அம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லியிருக்கேன், நான் வருத்தப்படுவேன்னு எதையும் மறைக்கக் கூடாது. "சரி, அப்போ மொதல்ல நீ அந்தப் பிள்ளைய பாத்துட்டே இருக்கத நிறுத்து, அது பயப்படுது"ன்னாங்க.